மாமி வாட்டாவும் முத்தாரம்மனும்: சாமி இறங்கும் இடத்துக்கு விருந்தாளியாகப் போவது

1955-ல் பம்பாயில் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி ஒரு படத்தை 12,000 பிரதி அச்சடித்து, கானா நாட்டின் குமாசி நகரத்து வியாபாரி ஒருத்தருக்கு அனுப்பியது. படத்தில் இருப்பது நம்ம சாமி எதுவும் இல்லை. அடர்ந்த கூந்தலோடு, கழுத்தில் பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒரு பாம்பாட்டிப் பெண். 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் முதலில் அச்சான படம் அது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே இருந்தவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்து, "இவள்தான் தண்ணீர்த் தாய்" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்தத் தெய்வத்தின் பெயர் மாமி வாட்டா. (நம்ம ஊர் மாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!)

கதை அதோடு நிற்கவில்லை. இந்திய வியாபாரிகளின் கடைகள் வழியாக நம்ம காலண்டர் சாமிகளும் டோகோ, பெனின் நாடுகளுக்குப் போனார்கள். தாமரைமேல் நின்று காசு கொட்டும் லட்சுமி, மாமி வாட்டாவாகவே ஆகிப்போனாள். மூன்று தலை தத்தாத்ரேயர், டென்சு என்கிற நீர்த் தெய்வம் ஆனார். அமெரிக்க ஆய்வாளர்கள் ஹென்றி ட்ரூவல், டேனா ரஷ் இருவரும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

வோடுன் மரபைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே இந்தப் படத்தால்தான். நாம் அவர்களைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே அவர்கள் நம்ம சாமிகளைப் பார்த்து, பூசை அறையில் இடமும் கொடுத்துவிட்டார்கள்! பதிலுக்கு நாம் அவர்களைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது என்ன? "பில்லி சூனியம்", "ஊசி குத்தின பொம்மை". இதுவும் ஹாலிவுட் சொல்லிக் கொடுத்ததுதான்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. சாமி இறங்கும் ஒரு மரபை, அதில் பிறக்காத ஒருத்தர் மரியாதையோடு போய்ப் பார்ப்பது எப்படி? விடை தேடி பெனின் வரைக்கும் போக வேண்டியதில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்குக் குலசை போதும்.

முதலில் வோடுன் என்றால் என்ன?

இன்றைய பெனின் நாட்டின் தெற்கில் வாழும் ஃபோன் இன மக்களின் மொழியில் "வோடுன்" என்றால் தெய்வம் அல்லது தெய்வ சக்தி. ஒரே தெய்வம் கிடையாது, பல தெய்வங்கள். வாசலிலும் சந்தியிலும் மண்மேடாக உட்கார்ந்திருக்கும் லெக்பாவுக்குத்தான் எதிலும் முதல் மரியாதை. பாம்பு வடிவில் டான். பூமிக்கும் பெரியம்மைக்கும் சக்பாட்டா. தெய்வம் ஏற்றுக்கொண்ட அடியாருக்கு "வோடுன்சி" என்று பெயர், அதாவது வோடுனின் மனைவி. ஆண் அடியாருக்கும் இதே சொல்தான்.

அடிமை வணிகக் காலத்தில் வீடா துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் இந்த மரபைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார்கள். ஹைட்டியில் அது வோடு ஆனது. 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் வில்லியம் சீப்ரூக் எழுதிய பயணப் புத்தகம் (1929), பிறகு "ஒயிட் ஸோம்பி" சினிமா (1932) எல்லாம் வந்தன. உலகத்துக்கு "வூடூ" என்கிற பயங்காட்டும் சொல் கிடைத்தது.

பெனினிலேயே கூட 1970களில் ஆட்சிக்கு வந்த மார்க்சிய அரசு வோடுனைப் பிற்போக்கு என்று ஒடுக்கியது. 1990களில் நிலைமை தலைகீழாகி, ஜனவரி 10 வோடுனுக்கான தேசிய விடுமுறை ஆனது. இன்று வீடாவுக்குப் போனால் மலைப்பாம்புக் கோயிலுக்கு நேர் எதிரே கத்தோலிக்கப் பேராலயம் நிற்பதைப் பார்க்கலாம்.

நம்ம கடற்கரைக்கும் இதே பெயர்தான் வைத்தார்கள்

இதைப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பழக்கமான கதையாகத் தெரிந்தது. இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல்லை நமக்குத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856) எழுதியவராகத் தெரியும். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1849-ல், இந்தத் தேரிக்காட்டு மக்களைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். சுடலைமாடன், அம்மன், சாமியாட்டம் எல்லாமே அதில் "பேய் வழிபாடு". அந்தச் சமூகத்துக்கு அவர் சொல்லியிருந்த பூர்வீகமும் குணமும் பின்னாளில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பின.

கவனிக்க வேண்டியது என்னன்னா, கால்டுவெல் சோம்பேறிப் பார்வையாளர் இல்லை. பல வருடம் இங்கேயே வாழ்ந்தார், மொழி தெரியும், ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் பார்ப்பதற்கு முன்னாலேயே அதற்கான பெயர் அவர் கையில் தயாராக இருந்தது. பெயரை முடிவு செய்துவிட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்தப் பெயருக்கான சாட்சியாகத்தான் இருக்கும்.

வில்லுப்பாட்டில் வரும் சுடலை யார்? சிவன் பார்வதி பிள்ளை. விளக்குச் சுடரில் பிறந்தவன். சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் கைலாயத்தில் வைத்திருக்க முடியாமல் பூமிக்கு அனுப்பப்பட்டவன். பயங்கரமானவன்தான், ஆனால் ஊரைக் காக்கிறவனும் அவன்தான். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள "பேய்" என்கிற சொல்லில் இடம் இல்லை.

முத்தும் தானியமும்

எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றுமை இது. நம்ம வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் "வியாதி" என்று சொல்வதில்லை. "முத்து போட்டிருக்கு" என்போம். "அம்மா வந்திருக்கா" என்போம். வேப்பிலை கட்டுவோம், வீட்டில் தாளிக்க மாட்டோம், கடைசியில் தலைக்குத் தண்ணீர் விட்டு அனுப்பி வைப்போம். முத்துக் குளித்த கடற்கரையில், உடம்பில் முத்துப் போடுகிறவளும் எடுக்கிறவளும் முத்தாரம்மன்.

பெனினில் சக்பாட்டா பூமியின் அரசர். தானியம் தருவது அவர்தான். அவர் கோபப்பட்டால், மனிதன் தின்ற தானியங்களே தோல் வழியாகக் கொப்புளமாக வெளியே வரும், அதுதான் பெரியம்மை என்றார்கள். அவர் பெயரையும் சும்மா உச்சரிக்க மாட்டார்கள்.

இங்கே முத்து, அங்கே தானியம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், கடல் கொடுக்கும் ஊரில் கடல் பொருளும் நிலம் கொடுக்கும் ஊரில் நிலத்துப் பொருளும் உவமை ஆகியிருக்கின்றன. கொடுக்கிற கைதான் தண்டிக்கவும் செய்கிறது.

1980-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முத்தாரம்மனும் போகவில்லை, சக்பாட்டாவும் போகவில்லை. "அறியாமையால் நோயைச் சாமி ஆக்கினார்கள்" என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், நோய் போனபோதே சாமியும் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை என்றால், அந்த உறவு நோயைவிடப் பெரிய எதையோ தாங்கிக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

குலசையில் நடப்பது என்ன?

திருச்செந்தூருக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் புதிய ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதே ஊர். முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கோயில். புரட்டாசி நவராத்திரிக்குக் கொடியேறும், பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். மகிஷாசுரன் தலையை மாற்றி மாற்றி வருவான், அம்மன் வதம் செய்வாள். அன்றைக்கு லட்சக்கணக்கில் கூட்டம்.

வெளியூர்க்காரர்கள் பார்த்து அசந்து போவது வேஷத்தைத்தான். காளி, குறவன் குறத்தி, போலீஸ், குரங்கு, கரடி, பிச்சைக்காரர், ராஜா. பார்த்தவுடன் மாறுவேடப் போட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் வேஷம் என்பது இதில் நடுப்பகுதி மட்டும். முழுக் கணக்கு இப்படி:

ஒரு கஷ்டம் வருகிறது. பிள்ளை இல்லை, நோய், கடன், கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. "தாயே, இது சரியானால் இத்தனை வருஷம் வேஷம் கட்டுறேன்" என்று நேர்ச்சை. பிறகு மாலை போட்டு விரதம். காளி வேஷம் என்றால் விரதம் இன்னும் கடுமை. கொடியேறியதும் கையில் காப்பு. அதன் பிறகுதான் வேஷம். வேஷத்தோடு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுக்க வேண்டும். வசதி உள்ளவர், வேலையில் பெரிய பதவியில் இருப்பவர் என்றாலும் கை நீட்டித்தான் ஆக வேண்டும். கிடைத்த காசு கோயில் உண்டியலில் சேர வேண்டும். சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்தால் அந்த வருடக் கணக்கு முடிந்தது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் தொடர்ந்து பல வருடம் காளி வேஷம் கட்டினார். மகளுக்குச் சிறு வயதில் வந்த நோய்க்கான நேர்ச்சை. மகளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் முறையாக வைத்தியமும் பார்த்தார், மாத்திரை ஒருநாள் தவறியதில்லை. "அப்போ குணமாக்கினது டாக்டரா, அம்மாளா?" என்று ஒரு தம்பி கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்தாச்சுல்லா. இது அம்மாளுக்கு."

எனக்கு இந்தப் பதிலைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அவர் பேசியது நம்பிக்கையைப் பற்றி இல்லை, கடனைப் பற்றி. "இது உண்மையா பொய்யா" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே இருப்பவர்கள் கேட்பது "யாருக்கு நான் என்ன கொடுக்க வேண்டும், கொடுத்தேனா" என்பது. வோடுனிலும் அப்படித்தான். தெய்வத்துக்கு உணவு, உடை, ஆட்டம் தர வேண்டும், தெய்வம் காப்பாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கடமை உண்டு.

கத்தோலிக்கர் சொன்ன மந்திரம்

இந்தக் "கடன்" கணக்குக்கு முத்துக்குளிப்பிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா கடிக்காமல் மந்திரத்தால் கடலைக் கட்டுகிறவர்களுக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக் கூடாது என்பதற்காக. (முதன்முதலில் படித்தபோது, இது கச்சிதமான செக்யூரிட்டி டிசைன் ஆச்சே என்று தோன்றியது.)

இவர்களுக்குத் தமிழில் "கடல்கட்டி" என்று பெயர். 1535-ஐ ஒட்டிப் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவினார்கள், 1542-ல் சவேரியார் வந்தார். ஆனால் கடல்கட்டி போகவில்லை. 1859-ல் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் ஒரு விஷயத்தைக் குறிப்பிடுகிறார்: இந்தச் சக்தி பரம்பரையாக வருவது, மந்திரம் சொல்கிறவர் எந்த மதம் என்பது பொருட்டில்லை, அப்போது அந்தக் குடும்பத்தின் தலைவராக இருந்தவரே கத்தோலிக்கர்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரண்பாடு. மூச்சை அடக்கிக்கொண்டு சுறா இருக்கும் தண்ணீருக்குள் இறங்குகிறவருக்கு இதில் என்ன முரண்பாடு? மேலே படகில் ஒருத்தர் தனக்காக நிற்கிறார், அது போதும். தூத்துக்குடியில் கடைசி அரசு முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. கடல்கட்டிகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வீடாவில் கோயிலும் பேராலயமும் எதிரெதிரே நிற்பதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் வராததற்குக் காரணம் இதுதான்.

சரி, போகிறவர் என்ன செய்யணும்?

படித்ததையும், இங்கே பார்த்ததையும் வைத்து நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல். குலசைக்கும் பொருந்தும், கொடை விழாவுக்கும் பொருந்தும், பெனினுக்கும் பொருந்தும்.

1. திறந்தது எது, மூடினது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்க. குலசைக் கடற்கரையும் வீடாவின் ஜனவரி விழாவும் ஊருக்குப் பொது. யாரும் போகலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் சுடலை கோயில் கொடையும், வோடுன்சிகள் தீட்சை பெறும் மடமும் அப்படி இல்லை. அங்கே கூப்பிட்டால்தான் போகணும். சாமியாடி நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது ஊர்க்காரர்களே பின்னால் போவதில்லை. நாம் மட்டும் டார்ச் அடித்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

2. "நீங்க யாரு?" என்று கட்டாயம் கேட்பார்கள். எந்த வகையறா, யார் வீட்டு விருந்தாளி என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர் மாதிரி நடிக்க வேண்டாம். "பார்க்க வந்தேன், நிற்கலாமா?" என்று சொன்னால் பெரும்பாலும் நாற்காலி போட்டுவிடுவார்கள். நிற்கக் கூடாது என்றால் கிளம்பிவிடணும்.

3. போன். சாமி வந்து ஆடுகிறவர் அந்த நேரத்தில் அனுமதி தரும் நிலையில் இல்லை. அவர் ஆடியது அவருக்கே நினைவில்லாமல் போகலாம். ஆனால் வீடியோ இருக்கும், திங்கட்கிழமை ஆபீஸுக்கு அது அவருக்கு முன்னால் போய்ச் சேரும். ஆகவே அவர் குடும்பத்திடமோ குழுத் தலைவரிடமோ முன்கூட்டியே கேளுங்க. முகத்துக்கு நேரே லைட் அடிப்பதும், க்ளோசப்புக்கு முட்டி மோதுவதும் வேண்டவே வேண்டாம்.

4. தொடக் கூடாததைத் தொடாதீங்க. இறந்த முன்னோர்கள் துணியால் மூடிய உருவமாகத் திரும்பி வருவதாகக் கருதப்படும் எகுங்குன் ஆட்டத்தில், அந்தத் துணி மேலே படவே கூடாது. நம்ம ஊரில் காப்புக் கட்டியவர்களை ஒதுங்கி நின்று வழி விடுகிறோமே, அதே மாதிரி.

5. பலி இருக்கும். ஆடு, கோழி. பார்க்க முடியாது என்றால் முன்னாலேயே முடிவு செய்து, அந்த நேரத்தில் விலகி இருங்க. நடுவில் முகம் சுளிப்பதைவிட அது நல்லது. படையல் கறி சாப்பிட மாட்டீங்க என்றால் முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

6. தர்மம் கேட்டு வேஷக்காரர் வந்தால் காசு போடுங்க. அது பிச்சையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. இன்னொருத்தர் கடன் தீர்க்க நீங்க கொடுக்கும் கை. அந்த நிமிஷம் நீங்களும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறீர்கள்.

7. எதையும் உடனே ஒப்பிடாதீங்க. இந்தக் கட்டுரை முழுக்க நானே ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அது வீட்டுக்கு வந்து எழுதும்போது. அங்கே நின்றுகொண்டு "ஓ, இது நம்ம பிள்ளையார் மாதிரி" என்று லெக்பாவைச் சொன்னால், அதற்கு மேல் லெக்பாவைப் பற்றிக் கேட்கக் காது இருக்காது.

எங்கள் வேலையில் "ரீட் ஒன்லி" அனுமதி என்று ஒன்று உண்டு. பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. விழாவுக்குப் போகிற நம்மில் பலரும் நமக்கு அந்த அனுமதிதான் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அப்படி ஓர் அனுமதியே மனிதர்கள் நடுவில் கிடையாது. நூறு போன்கள் உயர்ந்து நிற்கும் இடத்தில் ஆட்டம் போனுக்காக மாறும்.

நம்பணுமா?

கடைசியாக, நண்பர்கள் கேட்கும் கேள்வி. "மரியாதைன்னா, நாமும் நம்பணுமா?"

வேண்டாம். நடனத்தைப் படமெடுக்க 1947-ல் ஹைட்டிக்குப் போன மாயா டெரன் என்கிற அமெரிக்கத் திரைக் கலைஞர், தான் பார்த்ததைத் தன் கலைக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்ட மனம் இல்லாமல், படத்தை முடிக்காமலே விட்டார். பதிலாக 1953-ல் ஒரு புத்தகம் எழுதினார். இன்றைக்கும் ஹைட்டி வோடு பற்றிப் படிக்கிறவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். நான் எடுத்துக்கொள்ளும் பாடம் அவர் நம்பினாரா இல்லையா என்பதில் இல்லை. கையில் தயாராக இருந்த வடிவத்துக்குள் எதிரே இருப்பதை அடைக்க மறுத்தாரே, அதில் இருக்கிறது.

நம்பாதவரும் கடனை மதிக்கலாம். அந்த அண்ணன் மகளுக்காகக் கட்டிய வேஷத்துக்கு முன்னால் நான் ஒதுங்கி நின்று வழி விட்டபோது, எனக்கு எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை. செருப்பை மட்டும் கழற்றினேன்.

இந்த வருஷம் குலசைக்குப் போகிறவர்கள் பத்தாம் நாளுக்கு மட்டும் போகாதீங்க. நடுவில் ஒரு நாள் மாலை, உடன்குடி பக்கம் ஏதாவது கிராமத்தில் தசரா குழு வீடு வீடாகத் தர்மம் எடுத்துப் போகும். அதைப் பாருங்க. யார் யார் கதவைத் திறக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள், காளிக்கு முன்னால் ஒரு பாட்டி தலையைக் குனிந்து திருநீறு வாங்கும்போது இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்க. கடற்கரைக் கூட்டத்தில் தெரியாத பாதி அங்கேதான் இருக்கு.